பேரிஜம் போகிற வழி

கொடைக்கானலுக்குப் போய் ஊர் நடுவே இருக்கிற ஏரியை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு நாளை மிச்சம் பிடித்துக் குடும்பத்தோடு பேரிஜம் ஏரிக்குப் போய் வரவேண்டும். 20 கிலோமீட்டர் சொச்சம்தான். வனத்துறை அனுமதி வேண்டும், வண்டிகளுக்கும் கணக்கு உண்டு; ஆகவே விடிந்ததும் கிளம்பிவிடுவது நல்லது.

ஜீப்பில் போவதே தனிச் சுகம். நாங்கள் போனபோது, பாதை பெயர்ந்து கிடந்த சரிவில் ஓட்டுநர் கியரைக் குறைத்தார். பிரேக்கைத் தொடவில்லை; இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, யானை இறங்குவதுபோல நிதானமாக இறங்கினோம். அந்த வேகத்தில்தான் காடு கண்ணுக்குத் தெரிகிறது.

வழியில் மதிகெட்டான் சோலை. உள்ளே போனவருக்குத் திசை தப்பி மதி கெடும் என்பது ஊர்ப்பேச்சு. பாதையோரத்து மரத்தில் கனமாகப் படர்ந்திருந்த பாசியை மகள் ஒரு விரலால் அழுத்தினாள். பிழிந்த துணிபோல நீர் சொட்டி அவள் முழங்கைவரை ஓடியது. மழையைப் பிடித்துவைத்துக் கோடையிலும் கசியவிடுகிற சோலையின் வேலை இதுதான். எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்கு இதை இப்படிச் சொல்லித் தந்திருக்காது.

ஏரிக்கரையில் இன்ஜினை அணைத்ததும் காதே புதிதானதுபோல இருந்தது. இந்தத் தண்ணீர்தான் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீர். அங்கே பிறந்து வளர்ந்த அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“சின்ன வயசுல நான் குடிச்ச தண்ணிடா இது. இப்பத்தான் நேர்ல பார்க்கிறேன்.”