பாடு இல்லாதவருக்கு ஏது பெயர்?

நான் படித்தது தமிழ் எம்.ஏ.; சட்டமல்ல. ஆனால் சட்டமும் ஒரு பிரதிதான். யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று அதையும் கேட்கலாம்.

1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 499ஆம் பிரிவு: அவதூறு. அதன் நாலாவது விளக்கத்தை நம்மவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். ஒருவருடைய ஒழுக்கத்தை, அறிவை, நாணயத்தைப் பிறர் பார்வையில் தாழ்த்தினால் அவதூறு. சாதியைப் பொறுத்தோ தொழிலைப் பொறுத்தோ தாழ்த்தினாலும் அவதூறு. சாதியும் தொழிலும் ஒரே மூச்சில்! 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் இது அப்படியே இருக்கிறது. சட்டத்துக்குப் பேரை மாத்தினாங்க, சாதியை மாத்தல.

தாழ்த்துவதென்றால் முதலில் உயரம் வேண்டும். ஊர்க்காரனைச் சேரிப் பெயர் சொல்லி அழைத்தால் அவன் 'தாழ்ந்து' போவான். நம்மாளை அதே பெயரால் ஏசினால் எங்கிருந்து எங்கே தாழ்கிறான்? 1860இன் பிரதியில் இதற்குப் பதில் இல்லை. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது.

தொழிலுக்கு வருவோம். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். ஏரியைப் பங்கிட நல்ல ஏற்பாடு என்று மெச்சுகிறவர்கள் உண்டு. ஆனால் பாடு வழிவழியாகப் பட்டினவர் தலைக்கட்டுகளுக்கு. தலித் மீனவரும், சேற்றுத் தண்ணீரில் ஊர்ந்து, கையால் இறால் தடவிப் பல்லில் கவ்விய பறியில் போடும் இருளரும் அதற்கு வெளியே. வெளியே நிற்பவன் வலை போட்டால் 'திருட்டு' என்று ஒரு சொல் போதும். அவன் அவதூறு வழக்குப் போட்டால் என்ன எதிர்வாதம் வரும்? இந்த ஏரியில உனக்குத் தொழிலே கெடையாது, தொழில்ல பேரு எப்பிடிக் கெடும்?

சரி, கூட்டமாக வழக்குப் போடலாமா? 1971 சேலம் திராவிடர் கழக மாநாட்டுச் செய்திகளுக்காகப் பத்திரிகைகள்மேல் போடப்பட்ட வழக்கில், வரையறுக்க முடியாத கூட்டத்தின் சார்பில் அவதூறு வழக்கு நிற்காது என்று 1972இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 'ஏரியோரத்துச் சேரிக்காரனெல்லாம் திருடன்' என்று எவனும் தைரியமாகச் சொல்லலாம்.

கம்பெனிக்கு இந்தச் சங்கடமில்லை. இரண்டாவது விளக்கம் கம்பெனிக்கும் மானம் உண்டென்கிறது. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்குக் கேடு என்று 2010இல் கிரீன்பீஸ் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. டாடா 10 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. நல்லது. கிரீன்பீஸுக்கு வக்கீல் இருந்தார். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கிற பழவேற்காட்டு மீனவருக்கு அப்படியொரு நோட்டீஸ் வந்தால்?

2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், நற்பெயர் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவைக் காப்பாற்றியது. அப்படியானால் அந்தப் பெயர் பிறக்கிற இடமும் உரிமைதானே? மீனவனுக்கு அது தண்ணீர். அவதூறுச் சட்டத்தை எதிர்க்கும் எழுத்தாள நண்பர்கள் கருத்துச் சுதந்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் அந்தச் 'சாதி' என்ற சொல்லையும் ஏரிப் பாட்டையும் சேர்த்தே பேச வேண்டும். எங்களுக்கும் ஏரியில மொறை வையுங்க. பேரை நாங்களே சம்பாதிச்சுக்கறோம்.