கூரையும் குடியுரிமையும்

ஜெப்ரி பாவா வடிவமைத்து, 1982 ஏப்ரல் 29ஆம் நாள் திறக்கப்பெற்ற கோட்டேப் பாராளுமன்றம், நவீன அரச கட்டடமொன்று மரபிலிருந்து பயன்கொள்ளுமாற்றுக்குச் சிறந்த சான்றாகும். சதுப்புநிலத்தைத் தோண்டி ஆக்கிய வாவியின் நடுவே, கண்டிய மரபை நினைவூட்டும் செப்புக் கூரைகள் எழுகின்றன. பழைமை இங்கு ஒட்டு அலங்காரமாகவன்றிக் கட்டடத்தின் முழு உருவத்தையும் நிர்ணயிப்பதாய் அமைந்தமை பாராட்டத்தக்கது.

ஆயின், மரபென எதனைத் தெரிந்தெடுக்கின்றோம் என்னும் வினா எஞ்சுகின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் ஒரு கட்டட வரலாறு உண்டு. ஒரே கூரையின் கீழ் வரிசையாயமைந்த லயக் காம்பராக்களும், ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கனுப்பும் பிரட்டுக்களமும் அதன் கூறுகள். இவை உழைப்பைக் கட்டுப்படுத்த எழுந்தவை. இவற்றைப் போலச்செய்தல் மரபுபேணல் ஆகாது.

எனினும், லயத்தின் முன்னுள்ள ஒடுங்கிய இஸ்தோப்பு வேறுவகையானது. நிர்வாகம் கொடுத்த அச்சிறு இடத்தை, விருந்தினரை வரவேற்கும், அயலாருடன் உரையாடும் களமாக மாற்றியவர்கள் தொழிலாளரே. நாம் மரபெனக் கொள்ளத்தக்கது அம்மாற்றமேயாகும்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. செப்புக் கூரை எழுந்தபோதும் அவர்களிற் பலர் அந்நிலையிலேயே இருந்தனர். 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அக்குறையை நீக்க முற்பட்டன. அரச கட்டடம் குடிமக்களின் உருவகமெனின், எவரது வீடு அதில் நினைவுகூரப்படுகின்றது என்பது அழகியல் வினா மாத்திரமன்று.

சப்ரகமுவவில் இனி எழும் செயலகமொன்று அரண்மனைக் கூரையிலிருந்து மட்டும் தொடங்க வேண்டியதில்லை. கொழுந்து பறித்த கையோடு வரும் பெண் யன்னலுக்கு வெளியே நில்லாது, நிழலில் அமர்ந்து, தன் மொழியிற் பேசக்கூடிய அகன்ற இஸ்தோப்பிலிருந்து அது தொடங்கலாம்.