படம் பார்த்த பிள்ளைக்கு ஒரு விளையாட்டு

2000-களின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்திலும் முடிச்சூர் சாலை நெடுகவும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. பள்ளி விட்டதும் அங்கே நுழைந்த பையன்களில் பெரும்பாலோர் மெயில் பார்க்கப் போனவர்கள் அல்லர். பெரியவர்கள் வேலை விளம்பரம் தேடிக்கொண்டிருக்க, மூலைக் கம்ப்யூட்டர்களில் பைக் ரேஸும் துப்பாக்கிச் சண்டையும் ஓடும். ரிச்சி தெருவிலிருந்தோ பர்மா பஜாரிலிருந்தோ வந்த நகல் சிடிக்களில் சில சமயம் ஹாரி பாட்டரும் இருப்பான். ஆங்கில வசனம் பாதி புரியாத பிள்ளைகளும் அந்த விளையாட்டின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். மாயாஜாலப் படத்தை ஒட்டிப் பிள்ளைகளுக்காகச் செய்த சாகச விளையாட்டு அது. மாயாஜாலப் படத்துக்குப் பஞ்சமே இல்லாத தமிழில் இந்த வகை ஏன் வேர் பிடிக்கவில்லை?

ஹாரி பாட்டரின் முதல் படம் 2001 நவம்பரில் வந்தது. அதே மாதம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் விளையாட்டையும் கடைக்கு அனுப்பியது. கம்ப்யூட்டருக்கு நோவொண்டர், பிளேஸ்டேஷனுக்கு ஆர்கோனாட் என்று கருவிக்கொரு குழு செய்ததால், ஒரே பெயரில் வெவ்வேறு விளையாட்டுகள் வந்தன. நம்மூர் சிடியில் புழங்கியது கம்ப்யூட்டருக்கானது. ரத்தம் கிடையாது. கோட்டையின் நடைவழிகளில் ஓடலாம், சுவரில் மறைந்திருக்கும் கதவைக் கண்டுபிடிக்கலாம், வண்ண மிட்டாய்களைப் பொறுக்கலாம். அதில் அடிக்கடி சொல்லும் ‘ஃப்ளிபென்டோ’ என்ற மந்திரம் ரௌலிங்கின் நாவலில் கிடையாது, விளையாட்டுக்காகவே உண்டாக்கியது. கதாநாயகனின் முகம் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பலகையில் வரைந்த மாதிரிதான் இருக்கும். ஒரு பிள்ளையும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேண்டியது கோட்டை. படம் இரண்டரை மணி நேரத்தில் காட்டி மூடிவிட்ட இடத்துக்குள் தாமே நடந்து போவதற்கு வழி கிடைத்தது. அது போதுமாக இருந்தது.

எல்லா முயற்சியும் இப்படி அமையவில்லை. ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’ படத்துக்கு 1982-இல் அட்டாரி நிறுவனம் விளையாட்டு செய்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் முடித்தாக வேண்டும் என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே நிரலாளருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரம். பிள்ளைகள் குழியில் விழுந்து விழுந்து எரிச்சலடைந்தார்கள். விற்காத சரக்கைப் பிற சரக்குகளோடு நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள். வெறும் வதந்தி என்று பலர் எண்ணியிருந்த அந்தக் கேசட்டுகளை 2014-இல் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். படத்தின் தேதிக்கு விளையாட்டைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பட விளையாட்டு நம் நாட்டுக்கு வந்தபோது அந்தப் பழக்கம்தான் முதலில் வந்து சேர்ந்தது.

இந்தியக் கணக்கைப் பார்ப்போம். முருகதாஸ் இந்தியில் எடுத்த ‘கஜினி’ 2008 டிசம்பரில் வெளியானபோது, ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ் லேப்ஸ் அதைக் கம்ப்யூட்டர் விளையாட்டாக்கியது. பழிவாங்கும் கதை, பிள்ளைகளுக்கு அங்கே வேலையில்லை. 2011-இல் ஷாருக்கானின் ‘ரா.ஒன்’. அதன் கதையே ஒரு தகப்பன் மகனுக்காகச் செய்யும் வீடியோ கேம் பற்றியது. விளையாட்டிலிருந்து வில்லன் வெளியே வந்துவிடுகிறான். நம்ம சிட்டி ரோபோவாக ரஜினியும் ஒரு காட்சியில் தலைகாட்டுவார். மும்பையின் டிரைன் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2, 3 இரண்டுக்கும் அதை விளையாட்டாகச் செய்தது. கதைக்கும் வகைக்கும் இத்தனை பொருத்தம் அமைந்த படம் இந்தியாவில் வேறில்லை. ஆனால் பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்த வீடுகள் அன்று முடிச்சூர்ப் பக்கம் எத்தனை இருந்திருக்கும்? இங்கே பிள்ளைகளிடம் இருந்தது டிவியில் செருகி ஆடும் மலிவு வீடியோ கேம். மஞ்சள் கேசட், ‘நூறு ஆட்டம்’ என்று அட்டை, உள்ளே பத்தே ஆட்டம்.

தமிழுக்கு முறைப்படி வாய்ப்பு வந்தது 2014 மே மாதம். சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய ‘கோச்சடையான்’, நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து கம்ப்யூட்டரில் உருவாக்கிய படம். அதாவது ராஜ்யமும் கப்பலும் போர்க்களமும் முப்பரிமாண உருவங்களாகவே பிறந்தவை. ஹங்காமாவும் கேம்சாஸ்த்ராவும் சேர்ந்து நடத்திய வ்ரூவி இதற்கு ஆண்ட்ராய்டு விளையாட்டு கொண்டுவந்தது. கிடைத்தது அம்பு எய்யும் ஆட்டம். ஓர் அரண்மனையே கையில் இருக்கும்போது பிள்ளையின் கையில் வில்லை மட்டும் கொடுத்து எதிரிமேல் அம்பு எய்யச் சொன்னார்கள். சினிமாவுக்குச் செய்த உருவங்கள் போனில் ஓட முடியாத அளவு கனமானவை, எல்லாவற்றையும் எளிமையாக்கித் திரும்பச் செய்ய வேண்டும், அதற்குக் காசும் காலமும் வேண்டும் என்பது உண்மைதான். என்றாலும் இந்த விளையாட்டின் நோக்கம் ரஜினியின் உருவத்தைப் போன் திரைக்குக் கொண்டுவருவதோடு நின்றுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2017-இல் பெங்களூரின் மூன்ஃப்ராக் ‘பாகுபலி’யை எடுத்துக்கொண்டது. அதில் நாடு கட்டலாம், படை திரட்டலாம். ஆனால் ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ ஆடியவருக்கு அதன் ஒவ்வொரு பொத்தானும் முன்பே தெரியும். மகிழ்மதியின் அருவியில் ஏற ஆசைப்பட்ட பிள்ளைக்கு ஏற வழியில்லை.

பிள்ளைகளை நிஜமாகவே மனதில் வைத்தவை கார்ட்டூன்காரர்களின் ஆட்டங்கள்தாம். ராஜீவ் சிலகாவின் ‘சோட்டா பீம்’ படங்களில் ஒன்று 2013-இல் பாலித் தீவுக்குப் போனது. ரங்தா என்ற சூனியக்காரி, அவளுடைய லேயாக் பூதங்கள். நசாரா நிறுவனம் லேயாக்குகளைச் சுடும் ஆட்டமாக அதைப் போனுக்குத் தந்தது. டிவியில் தமிழ் பேசிய பீமை இங்கே பிள்ளைகள் அம்மாவின் போனில் ஓயாமல் ஆடினார்கள். சின்ன ஆட்டம், மலிவான ஆட்டம், இருந்தாலும் யாருக்காகச் செய்கிறோம் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏன் பெரும்பாலானவை ஓட்டமும் சுடுதலுமாகவே முடிகின்றன? சினிமாக்காரர்கள் கதையை வெளியீட்டு நாள்வரை பொத்திப் பாதுகாப்பவர்கள். கதை தெரியாமல் சாகச விளையாட்டு எழுத முடியாது, ஓட்டம் எழுதலாம். இன்னொன்று, போஸ்டர், டீசர், பாட்டு வெளியீடு என்ற வரிசையில் விளையாட்டுக்கும் ஓர் இடம் கொடுத்தார்களே தவிர, படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு அது வாழ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இதில் நம்மை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2011-இல் வந்த ‘டெம்பிள் ரன்’ என்ற ஓட்ட விளையாட்டு வெற்றி பெற்றதும் டிஸ்னியே ‘பிரேவ்’, ‘ஆஸ்’ படங்களை அதே ஓட்டத்தில் ஏற்றியது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் முப்பது வருட சாகச விளையாட்டுகள் இருந்தன. நாம் ஓட்டத்திலிருந்தே ஆரம்பித்தோம்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. சென்னையின் பென்டாமீடியா 2000-லேயே அசைவுப் பதிவு முறையில் ‘சிந்துபாத்’ முழுநீளப் படத்தை முடித்தது. அதே ஆண்டுக்கான சிறந்த ஆங்கிலப் படத் தேசிய விருதை அதன் ‘பாண்டவர்கள்’ பெற்றது. பிறகு ‘அலாவுதீன் மகன்’. கடல், தீவு, குகை, பூதம்: சாகச விளையாட்டுக்கு வேண்டிய அத்தனையும் இந்த ஊர்க் கம்ப்யூட்டர்களில் இருந்தன. பிரவுசிங் சென்டர்கள் பெருகிய அதே காலம். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே போயின.

பழைய படங்களுக்குப் போனால் சரக்கு இன்னும் பெரிது. 1957-இல் வடபழனியில் உருவான கே.வி. ரெட்டியின் ‘மாயா பஜார்’ அரை விளையாட்டாகவே எழுதப்பட்டது என்பேன். திறந்து பார்ப்பவருக்கு மனதுக்குப் பிரியமானதைக் காட்டும் பெட்டி. ஒரே இரவில் எழும்பும் மாய நகரம். வத்சலாவின் உருவில் கல்யாண வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளையை அலறவைக்கும் கடோத்கஜன். பிறகு எஸ்.வி. ரங்காராவ் உண்டு தீர்க்கும் அந்த விருந்து. இதில் யாரையும் கொல்லத் தேவையில்லை. வேஷம் போட்டு, வேஷம் கலையாமல், விருந்தாளிகளை ஏய்த்துவிட்டு வெளியேற வேண்டும். பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘பட்டணத்தில் பூதம்’ மாதிரியான படங்களிலும் இதே சுபாவம் உண்டு. கிராபிக்ஸ் வந்த பிறகு வந்த படங்களைவிட, கயிறு கட்டிப் பாத்திரத்தை நகர்த்திய படங்களில்தான் விளையாட்டுக்கு வேண்டிய சூட்சுமம் அதிகம்.

தமிழில் ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1988-இல் கனடா போன தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கிறது. மாயாஜாலமும் இல்லை, எந்தப் படத்தின் கதையும் இல்லை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பைக் கொண்டு இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். பின்னணிப் பாட்டுகள் தமிழ்ச் சினிமா இசையின் வெவ்வேறு காலங்களை ஒட்டி அமைந்தவை. 2024-இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. நட்சத்திரத்தின் முகம் இல்லாமலே தமிழ் விளையாட்டு செய்யலாம், அதை உலகம் ஆடும் என்று அந்தச் சின்னக் குழு காட்டிவிட்டது. தமிழ்ப் பட நிறுவனங்கள் இதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக, இருந்ததும் அழிந்துகொண்டிருக்கிறது. ‘ரா.ஒன்’ தட்டாக வந்ததால், தட்டும் பெட்டியும் இருப்பவர் இன்றும் ஆடலாம். போனில் வந்தவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 32 பிட்டில் மட்டும் எழுதிய பழைய செயலிகளைப் புதிய போன்களுக்குத் தருவதை 2021-இல் கூகுள் நிறுத்தியது. யாராவது புதுப்பித்தால் உண்டு. படம் ஓடி முடித்த விளையாட்டை யார் புதுப்பிப்பார்கள்? முடிச்சூரில் இதற்கு முன்பே ஒரு சுற்று அழிவு நடந்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்து வடிந்தபோது, தெருவில் குவிந்த மெத்தைகளோடும் பாடப் புத்தகங்களோடும் சேறு படிந்த சிபியூக்களும் சிடி அடுக்குகளும் கிடந்தன.

தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீஸ்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அவையும் விளம்பரத் தாள்கள்தாம். இன்று ஆராய்ச்சிப் பொருள். பட விளையாட்டுகளுக்கும் அப்படி ஓர் அலமாரி வேண்டும். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: 2014, 2015 வாக்கில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் சார்ஜ் ஏற்றித் திறந்து பாருங்கள். இந்த விளையாட்டுகளில் ஏதாவது ஒன்று அதில் இருந்தால் அழிக்காதீர்கள். ஒரு பிள்ளையை ஆடச் சொல்லி, இன்னொரு போனில் அதை முழுதாக வீடியோ எடுத்து வையுங்கள்.