பிறர் பெயரில் ஒரு கிண்ணம்

பாகிஸ்தான் அரசியல் சாசனத்தின் 37ஆம் பிரிவில் மதுவைத் தடுப்பது அரசின் கடமை என்று கூறும் வாசகம் ஒன்று உண்டு. மருந்துக்காக அருந்துவதற்கும், முஸ்லிமல்லாதார் தம் மதத் தேவைக்காக அருந்துவதற்கும் அது விலக்களிக்கிறது. பார்வைக்குப் பெருந்தன்மையான வாசகம். சிறுபான்மையினர் உரிமையை ஒரு முஸ்லிம் நாடு எத்துணை நுட்பமாகப் பேணுகிறது என்பதற்குச் சான்றாக நம்மவர் சிலர் இதனை மேடைகளில் எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. ஃபிக்ஹுக் கிதாபுகளை அருகில் விரித்து வைத்துக்கொண்டு இவ்வாசகத்தைப் படிப்பவருக்கு அதன் குறை விளங்காமற் போகாது.

முதலில் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1977ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி எழுந்த கிளர்ச்சியின் நெருக்கடியில் பிரதமர் பூட்டோ மதுவிலக்கை அறிவித்தார். அது தக்வாவினால் பிறந்த சட்டமன்று. நாற்காலியைக் காக்கப் பிறந்த சட்டம். பின்னர் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஜியாவுல் ஹக், 1979 பிப்ரவரியில் மதுவிலக்கு ஹத்து ஆணையைப் பிறப்பித்தார். மது அருந்தும் முஸ்லிமுக்கு எண்பது கசையடி என்றது ஆணை. முஸ்லிமல்லாத குடிமகனையும் அது விட்டுவிடவில்லை. அவன் தன் மதம் விதித்த சடங்கின் ஒரு பகுதியாக அருந்தினால் குற்றமில்லை. மற்றபடி தன் வீட்டுக்குள் அருந்தினாலும் குற்றமே. அதற்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது முப்பது வரை கசையடி, அல்லது இரண்டும். (ஹத்து அல்லாத குற்றங்களுக்கான கசையடி 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது.)

இனி நம் கிதாபுகள் கூறுவதைப் பார்ப்போம். பாகிஸ்தான் மக்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அவர்களுடைய மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா'வில், பிறர் பொருளை அபகரித்தலைப் பற்றிய பாடத்தில் ஒரு மஸ்அலா வருகிறது. முஸ்லிம் ஆட்சியில் பாதுகாப்பு உடன்படிக்கையுடன் வாழும் பிற மதத்தவரான திம்மீயின் மதுவை ஒரு முஸ்லிம் கொட்டி அழித்துவிட்டால், அதன் விலையை அவன் ஈடு செய்ய வேண்டும். ஏன் விலை? மதுவுக்கு மது கொடுப்பது முஸ்லிமுக்கு ஆகாது என்பதால். நமக்கு ஹராமான ஒரு பொருள் அவனுக்குச் செல்வம் என்பதை நம் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. 'உன் மதச் சடங்குக்கு இது தேவையா?' என்று அந்தப் பாடம் கேட்கவேயில்லை என்பது இங்கே கருதத்தக்கது. அவர்களை அவர்கள் கொண்ட நெறியுடன் விட்டுவிடுமாறு நாம் கட்டளையிடப்பட்டிருக்கிறோம் என்பதே அங்கே காட்டப்படும் காரணம்.

ஷாஃபியீ மத்ஹபு இதில் மாறுபடுகிறது. ஈடு தர வேண்டியதில்லை என்கிறது. ஆயினும் நம் கடற்கரை ஊர்களில் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கூறுவதைக் கவனியுங்கள். திம்மீ வெளிப்படையாக அருந்தினாலோ விற்றாலோ அன்றி அவனுடைய மதுவைக் கொட்டலாகாது. அவனிடமிருந்து பறித்தது அழியாமல் இருந்தால் திருப்பித் தர வேண்டும். ஆக, மத்ஹபு எதுவாயினும், எல்லைக்கோடு போடப்பட்டிருப்பது வீட்டுக்கும் வீதிக்கும் இடையே. சடங்குக்கும் சடங்கல்லாததற்கும் இடையே அன்று.

அந்தக் கிதாபுகளின் காலம் வேறு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஜிஸ்யா செலுத்தும் திம்மீயும் வாக்குரிமை பெற்ற குடிமகனும் ஒருவரல்லர். எனினும் அந்தப் பழைய திம்மீக்குத் தன் வீட்டுக்குள் இருந்த பாதுகாப்பு, புதிய குடிமகனுக்கு இல்லாமற் போனது வியப்பன்றோ?

சடங்கு என்னும் சொல் விளைத்த விளைவு என்ன? கிறிஸ்தவருக்குத் திருவிருந்தில் திராட்சைரசம் உண்டு. அதற்கு ஒரு சிறு கிண்ணம் போதும். இந்துக்களில் பெரும்பாலோருக்கு அத்தகைய சடங்கே இல்லை. ஆனால் மாதந்தோறும் குறித்த அளவு வாங்கிக்கொள்ள முஸ்லிமல்லாதார்க்கு உரிமச் சீட்டு வழங்கப்படுகிறது. உரிமம் பெற்ற கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன. எந்த மதத்தில் நாள்தோறும் திருநாள்? 1860இல் ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய மர்ரீ மதுவாலை, பார்ஸிக் குடும்பம் ஒன்றின் கையில், ராவல்பிண்டியில் இன்றும் நடைபெறுகிறது. அந்நாட்டில் முஸ்லிமல்லாதார் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை. அவர்களிலும் மிகப் பலர் ஏழைகள். மதுவாலையையும் இத்தனை கடைகளையும் வாழவைப்பவர் யார் என்பதை ஊரறியும். சீட்டில் ஒரு கிறிஸ்தவன் பெயர். புட்டியைத் திறப்பது ஒரு முஸ்லிமின் கை.

2016 அக்டோபரில் சிந்து உயர்நீதிமன்றம் இந்த முரண்பாட்டைச் சுட்டி, மாநிலத்தின் மதுக்கடைகளை மூட உத்தரவிட்டது. அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது. 2018 டிசம்பரில் ரமேஷ் குமார் வங்க்வானி என்ற இந்து உறுப்பினர், எங்கள் மதத்தின் பெயரால் மது விற்க வேண்டாம் என்று கூறி, முழு மதுவிலக்குக் கோரும் மசோதா ஒன்றைத் தேசிய அவையில் கொண்டுவந்தார். முஸ்லிம்களே பெரும்பான்மையாக உள்ள அவை அதை ஏற்கவில்லை. அவர் கோரியதை நான் அப்படியே ஒப்புக்கொள்வதாக எண்ண வேண்டாம். ஓர் இந்து எல்லா இந்துக்களுக்காகவும் கிறிஸ்தவர்களுக்காகவும் பேசிவிட முடியாது. ஆனால் 'எங்களைத் திரையாக்காதீர்கள்' என்ற அவருடைய முறையீட்டுக்கு அந்த அவை கூறக்கூடிய நேர்மையான விடை எது?

அதே 2016இல், கிறிஸ்துமஸ் நாளில், பஞ்சாபின் டோபா டேக் சிங் நகரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் கிறிஸ்தவ ஏழைகள். உரிமம் பெற்ற மது அவர்களுக்கு எட்டாத விலை. யார் பெயரால் விலக்களிக்கப்பட்டதோ அவர்களுக்கு எஞ்சியது அவப்பெயரும் நச்சும்தான்.

பிற நாடுகளில் நிலைமை ஒன்றுபோல் இல்லை. ஈரானின் 2013ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், முஸ்லிமல்லாதவன் பொதுவிடத்தில் அருந்தினாலன்றி அவனுக்கு ஹத்து இல்லை என்கிறது. வேறு பல காரியங்களில் அந்த ஆட்சியைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் குறைவு. எனினும் இந்த ஒரு விதியில் கிதாபின் வாசனை இருக்கிறது. ஈராக்கிலோ, 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2023இல் அரசிதழில் வெளிவந்த சட்டம், இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை யாவற்றையும் எல்லோருக்கும் தடுத்து, ஒரு கோடி தீனார் முதல் இரண்டரைக் கோடி தீனார் வரை அபராதம் விதிக்கிறது. கிறிஸ்தவ உறுப்பினர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். பாக்தாதில் மதுக்கடை உரிமம் கிறிஸ்தவர்களுக்கும் யஸீதிகளுக்குமே வழங்கப்பட்டு வந்தது. ஒரு சமூகத்தைப் பல்லாண்டுக் காலம் தனக்காக மது விற்க வைத்துவிட்டு, பிறகு மது விற்றவன் என்று தண்டிப்பது என்ன நீதி?

ஒருவன் மதம் அவனுக்கு எதை விதித்தது, எதை விதிக்கவில்லை என்று ஆளும் பெரும்பான்மை தீர்மானிப்பதன் வலியை அறியாதவரல்லர் நாம். ஹிஜாப் இஸ்லாத்தில் இன்றியமையாத வழக்கமன்று என்று 2022 மார்ச்சில் கர்நாடக உயர்நீதிமன்றம் கூறியபோது நம் வீடுகளில் எழுந்த குமுறலை மறந்திருக்க மாட்டோம். எங்கள் மார்க்கம் எது என்று எங்களுக்குச் சொல்ல நீங்கள் யார் என்று அன்று கேட்டோம். அந்தக் கேள்வியை லாகூரில் ஒரு கிறிஸ்தவனும் கராச்சியில் ஓர் இந்துவும் கேட்க உரிமை உண்டு.

அவர்களுக்கு அனுமதித்தால் அது முஸ்லிம்களிடம் பெருகாதோ என்பார்கள். இப்போதுதான் பெருகிக்கொண்டிருக்கிறதே! சாசனத்திலிருந்து 'மதத் தேவை' என்ற சொற்களை நீக்கிவிட்டு, முஸ்லிமல்லாதவனை அவன் வீட்டோடு விட்டுவிடலாம். வெளிப்படையான விற்பனைக்கு மின்ஹாஜ் கூறும் எல்லையை விதிக்கலாம். காவலர்கள் சோதிக்க வேண்டியது அவனுடைய சீட்டை அன்று. அச்சீட்டைக் காட்டி வாங்கிய புட்டி எந்தப் பங்களாவுக்குப் போகிறது என்பதை.