ப்ராசசர் விமர்சனங்களில் காணாமல் போகும் மதர்போர்டு

புது ப்ராசசர் வெளிவரும் வாரத்தில் இணையம் முழுக்க விமர்சனங்கள் கொட்டும். பத்துப் பதினைந்து கேம், அத்தனைக்கும் பட்டை வரைபடம், கடைசியில் ஒரு தீர்ப்பு. எனக்கு இவை படிக்கப் பிடிக்கும். பெரும்பாலும் நேர்மையாகத்தான் எழுதுகிறார்கள். என் குறை வேறு: அவை யாருக்காக எழுதப்படுகின்றன என்பது.

சோதனை முறையையே பாருங்கள். சந்தையிலேயே விலை அதிகமான கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, 1080பி-யில் ஓட்டுவார்கள். முறை சரிதான். கார்டு திணறினால் ப்ராசசர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் தெரியாது. ஆனால் படிப்பவரிடம் இருப்பது என்ன? 2017 வாக்கில் குறைந்த பட்ஜெட்டில் சேர்த்த ரைசன் 3 1200, ஏ320 போர்டு, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. எங்கள் வீட்டு ஹாலில் இருப்பதும் இதே ஜாதகம்தான். இந்த மெஷின்காரருக்கு முதல் கேள்வி "எது வேகம்?" என்பது இல்லை. "என் போர்டுல இது ஏறுமா?" என்பதுதான். இருபது பக்க விமர்சனத்தில் அதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. ஏஎம்டி தன் ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை ஆதரிப்போம் என்று சொல்லித்தான் விற்றது. 2020 மே மாதம், அடுத்து வரும் ஸென் 3 ப்ராசசர்கள் 500 வரிசை போர்டுகளில் மட்டுமே ஓடும் என்று அறிவித்தது. முக்கியமாகச் சொன்ன காரணம், பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சில்லில் இடம் இல்லை. பல போர்டுகளில் அது 16 மெகாபைட்தான். பொய்க் காரணம் இல்லை. எம்எஸ்ஐ 2019-இல் 'மேக்ஸ்' என்ற பெயரில் 32 மெகாபைட் சில்லு வைத்த போர்டுகளை விற்றதே இதனால்தான். ஆனாலும் பி450 வாங்கியவர்கள் சத்தம் போட்டதும் இரண்டு வாரத்துக்குள் முடிவு மாறியது. பழைய ப்ராசசர்களுக்கான ஆதரவை எடுத்துவிட்டு இடம் பண்ணலாம் என்றார்கள்.

ஏ320, பி350 வைத்திருந்த ஏழைகளுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. அது திறந்தது 2022-இல். இடைப்பட்ட காலத்தில் 16 மெகாபைட் சில்லு ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. வளர்ந்தது போட்டி. அந்த ஜனவரியில் இன்டெல்லின் ஐ5-12400, ஐ3-12100 வந்தன. மார்ச்சில் ஏஎம்டி 300 வரிசைக்கும் ஆதரவு அறிவித்தது. ஏப்ரலில் 199 டாலருக்கு ரைசன் 5 5600 வந்தது. 2020 நவம்பரில் வந்த 5600எக்ஸின் அறிமுக விலை 299 டாலர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் ஊகம்தான், ஆனால் தேதிகள் அப்படித்தான் வரிசையாக நிற்கின்றன. (இன்டெல் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 2017-இல் 1151 என்ற அதே பின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டே 8-ஆம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு கட்டாயம் என்றது. கைவேலைக்காரர்கள் பழைய இசட்170 போர்டில் அதை ஓட்டிக் காட்டினார்கள்.)

இதெல்லாம் செய்தியாக வந்தது. விமர்சனத்துக்குள் வரவில்லை. அதனால் கடையில் போய் நின்றால் "போர்டையும் சேர்த்து மாத்திடுங்க சார்" என்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். ஏஎம்5 போனால் போர்டோடு முடியாது, டிடிஆர்5 ராமும் புதிதாக வாங்கணும்.

நான் 5600-ஐ அதே ஏ320 போர்டில்தான் போட்டேன். 1200-உம் 65 வாட், இதுவும் 65 வாட், அதனால் போர்டின் மின்பகுதி பற்றிக் கவலைப்படவில்லை. பயாஸை மட்டும் பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். கழற்றிய பிறகு யோசித்தால் திரையே வராது. பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ப்ராசசரை மாற்றினால் அதற்குள் இருக்கும் எஃப்டிபிஎம்-உம் மாறிவிடும். அப்புறம் கூலர். ஏஎம்4-இல் பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரோடு ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடம் வலமாகத் திருகிவிட்டுத் தூக்கணும்.

பலன்? வரைபடங்களை நம்பி வாங்கியிருந்தால் ஏமாந்திருப்பீர்கள். 1050 டிஐ-தான் எல்லை என்பதால் சராசரி பிரேம் எண்ணிக்கை ஏறக்குறைய பழையதுதான். கார்டு ஏற்கெனவே 98, 99 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தால் ப்ராசசரை மாற்றி அதை வேகப்படுத்த முடியாது. கண்டுபிடிக்க எளிய வழி, கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். பிரேம் ஏறினால் கார்டுதான் தடை, ஏறாவிட்டால் ப்ராசசர்.

ஆனால் திக்கல் போய்விட்டது. கூட்டமான நகரத் தெருவில் வண்டி ஓட்டும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அரை நொடி உறைந்து நிற்குமே, அது. நாலு த்ரெட் இருந்த இடத்தில் பன்னிரண்டு, 8 மெகாபைட் எல்3 இருந்த இடத்தில் 32. சராசரிப் பட்டையில் இது தெரியாது, அடிமட்ட 1 சதவீதப் பட்டையில்தான் தெரியும். பல விமர்சனங்களில் அந்தப் பட்டை வெளிர் நிறத்தில் ஓரமாக இருக்கும், அதுவும் நம்மிடம் இல்லாத கார்டில் எடுத்தது.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-இன் பட்டியலில் ரைசன் 3 1200 இல்லை, 5600 இருக்கிறது. கேமே விளையாடாத ஆளுக்கும் இந்த மாற்றம் தேவைப்படலாம். அதற்கு எந்த விமர்சகரும் பட்டை போடவில்லை.