சிறுநீரகத்தில் காட்மியத்தின் வரைபடம்

காட்மியம் அரிசி, கீரை, கிழங்கு வழியாக உடலுக்குள் வந்து சிறுநீரகத்தில் குடியேறும் உலோகம். தங்கியதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஜப்பானின் டோயாமா பகுதியில், ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்புகள் மெலிந்து ஒடிந்தன. வலி தாளாமல் அவர்கள் அரற்றிய 'இதாய் இதாய்' என்ற சொல்லே நோயின் பெயரானது. சுரங்கக் கழிவின் காட்மியமே காரணம் என 1968இல் அரசு ஏற்றது.

சிறுநீரகத் திசுவை அமிலத்தில் கரைத்து அளந்தால் காட்மியத்தின் மொத்த அளவு தெரியும். அது எங்கே இருந்தது என்பது கரைந்து போய்விடும். அந்த இடத்தைக் காப்பாற்றித் தருவதுதான் லேசர் படமாக்கலின் அழகு. உறைய வைத்த சிறுநீரகம் முடியைவிட மெல்லிய சீவலாக வெட்டப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டப்படுகிறது. லேசர் கற்றை, ஏர் சால் ஓட்டுவதுபோல வரிவரியாக அதைச் சுரண்டுகிறது. எழும் நுண்துகளை ஹீலியம் வாயு அள்ளிச் செல்ல, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மா அதை அயனிகளாக்குகிறது. அயனிகளை நிறைப்படி பிரிக்கும் நிறை நிறமாலைமானி, காட்மியம் அயனிகளை மட்டும் பிரித்து எண்ணுகிறது; இடவாரியான அந்த எண்ணிக்கையே வண்ணப் படமாகிறது. எண்ணிக்கையை அளவாக மாற்ற, தெரிந்த அளவு காட்மியம் கலந்த ஜெலட்டினையும் இதேபோல் சுரண்டி ஒப்பிட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத படம் வெறும் வண்ணம்தான்.

படத்தில் வெளிப்பகுதியான புறணி ஒளிர்கிறது, உட்பகுதி மங்குகிறது. புறணியின் நுண்குழல் செல்கள், மெட்டல்லோதயோனீன் என்ற புரதத்துடன் பிணைந்து வரும் காட்மியத்தை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தப் புரதமே 1957இல் குதிரையின் சிறுநீரகப் புறணியிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது.