இருபது ஜூல் துப்பாக்கியும் கண்மாய்க்கரையும்

மதுரைப் பக்கத்து ஆட்கள் பலருக்கும் முதன்முதலாகக் கையில் ஏறிய துப்பாக்கி, திருவிழாக் கடையில் பலூன் சுட்ட துப்பாக்கிதான். தமுக்கம் பொருட்காட்சியோ, ஊர்க் கோயில் பங்குனித் திருவிழாவோ, எங்கும் அதே காட்சி: துணித்தட்டியில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், ஸ்பிரிங் தளர்ந்துபோன ஒரு ஏர்கன், குறிமுள் சற்றே ஒருபக்கம் ஒதுங்கிய குழல். கடைக்காரருக்கு அந்தக் கோணல் அத்துப்படி, சுடுபவருக்குத் தெரியாது. காசு கைமாறுவதே அந்த இடைவெளியில்தான்.

அந்தக் கடையைத் தாண்டி, சொந்தமாக ஒரு ஏர்கன் வாங்கலாம் என்று கிளம்புகிறவர் சந்திப்பது இதைவிடப் பெரிய கோணலை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது .177 அங்குலத்துக்கு, மிகாமலும் குழல்முனை ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். அடையாள அட்டை நகலைக் கொடுத்துவிட்டு வாங்கிவரலாம். முன்பெல்லாம் ஒரு அங்குல மரப்பலகையை ரவை துளைக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. இப்போது எண்ணில் வரையறை வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த 20 ஜூல் என்பது எவ்வளவு?

அரை கிராம் எடையுள்ள ஈய ரவை வினாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் பறந்தால் ஏறக்குறைய அந்த ஆற்றல் வரும். ஜெர்மனியில் உரிமமில்லாமல் விற்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உச்சவரம்பு 7.5 ஜூல். இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல். அந்த 16 ஜூலுக்குள்தான் அங்கே முயலும் காட்டுப்புறாவும் சுடுகிறார்கள். அங்கே அதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆக, சிறு வேட்டைக்கு இங்கிலாந்துக்காரர் போதும் என்று நினைக்கும் ஆற்றலைவிடக் கூடுதலான ஒன்றை, வேட்டையே தடைசெய்யப்பட்ட நாட்டில், உரிமம் இல்லாமல் கடையில் வாங்க முடிகிறது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் இந்த முரண்தான்.

கடைக்கு வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் வேகத்தைப் பற்றியது. 'எத்தனை எஃப்.பி.எஸ். (வினாடிக்கு எத்தனை அடி) போகும்?' கேள்வியே தப்பு. குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கியில், விசையை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. ரவை குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்குமாக இரண்டு முறை உதறிவிடுகிறது. ஸ்பிரிங் எவ்வளவு வலுவோ, உதறலும் அவ்வளவு. தோளில் இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். கட்டையை உள்ளங்கையில் தளர்வாகப் படுக்கவைத்து, உதறும் போக்கில் உதறவிட வேண்டும். புதிதாக வாங்கியவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. பத்து மீட்டரில் ரவைகள் நாலாபக்கமும் தெறிப்பதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி சரியில்லை என்று இன்னும் வேகமான ஒன்றைத் தேடிப் போகிறார். அது இன்னும் மோசமாகச் சிதறுகிறது.

இன்னொன்று, எண்ணெய். 'நல்லா ஓடட்டும்' என்று பிஸ்டன் ஓடும் அறைக்குள் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. அழுத்தத்தில் சூடேறும் காற்று அந்த எண்ணெயைப் பற்றவைக்கும். டீசல் எஞ்சின் ஓடும் தத்துவம்தான். படார் என்று சத்தம், குழலில் புகை, ரவைக்குத் தாறுமாறான வேகம். வாங்கியவருக்கு அன்று ஒரே பெருமை. உள்ளே ரப்பர் வளையம் கருகிக்கொண்டிருக்கும்.

முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கும் பி.சி.பி. வகைத் துப்பாக்கிக்கு இந்த உதறல் கிடையாது, சுடுவதும் எளிது. ஆனால் 200 பார் அளவுக்குக் காற்றடைக்கத் தனிப் பம்போ, சிலிண்டரோ வேண்டும். விலையும் பல மடங்கு. எனவே கிராமப்புறத்திலும் நடுத்தரக் குடும்பங்களிலும் புழங்குவது ஸ்பிரிங் துப்பாக்கிதான். கற்றுக்கொள்வதற்கு அது கடினமான வாத்தியார். பிடி, மூச்சு, விசையழுத்தம், சுட்ட பிறகும் அரைநொடி அசையாமல் நிற்பது என்று எதில் பிசகினாலும் அட்டையில் காட்டிக்கொடுத்துவிடும். விலை குறைந்த ஒரு கருவி இவ்வளவு கற்றுத்தருவதை அதன் பெரிய பலமாகச் சொல்லலாம்.

பலவீனம், அதே கருவி உயிரை நோக்கித் திரும்பும்போது வெளிப்படுகிறது.

ஏர்கன் வேட்டைக்கு ஆதரவாக உலகெங்கும் சொல்லப்படும் வாதம் ஒன்றுண்டு: சத்தம் குறைவு, செலவு குறைவு, தலையில் பட்டால் துடிக்காமல் சாகும். மூன்றாவதில்தான் சிக்கல். முயலின் தலையில் அப்படி உடனே உயிர் போகக்கூடிய இடம் இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. இங்கிலாந்தில் பழகிய வேட்டைக்காரர்கள், அந்த இடத்தில் பத்துக்குப் பத்தும் விழும் தூரம் எதுவோ அதுவே தங்கள் எல்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது 30 மீட்டருக்குள். மதுரைச் சமவெளியில் அந்தக் கணக்கும் உதவாது. ஆடி மாதம் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பொட்டலில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில், அரை கிராம் ரவை 25 மீட்டர் போவதற்குள் சில சென்டிமீட்டர் ஒதுங்கிவிடும். தலைக்கு வைத்த குறி தாடையில் படும், வயிற்றில் படும். தோட்டாவைப் போல ரவை அதிர்ச்சியால் கொல்வதில்லை. துளைத்த இடத்தில் மட்டும்தான் சேதம். வயிற்றில் பட்ட முயல் கருவேலம்புதருக்குள் ஓடி, மறுநாளோ அதற்கு மறுநாளோ சாகும். சுட்டவர் 'தப்பிச்சிருச்சு' என்று திரும்பிவிடுவார்.

பறவைகள் கதை இன்னும் மோசம். ஏர்கன்னோடு கண்மாய்க்குப் போகிறவர் தேடுவது கவுதாரி, காடை, மணிப்புறா, கம்புள்கோழி, மடையான், கொக்கு. தண்ணீர் வற்றும் பங்குனி, சித்திரையில் இவை எல்லாம் மிச்சமிருக்கும் கொஞ்சம் ஈரத்தைச் சுற்றி ஒரே இடத்தில் கூடும். குறிபார்ப்பவருக்கு அதைவிட வசதி இல்லை. பறவைக்கு அதைவிட மோசமான நேரம் இல்லை. அடிபட்டுச் செத்த பறவையைப் பருந்தும் நாயும் தின்றால் உள்ளே கிடக்கும் ஈயமும் சேர்ந்தே போகும். ஈய நஞ்சின் காரணமாகத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் ஈரநிலங்களில் ஈயச் சன்னம் சுடுவதைத் தடைசெய்தது.

சட்டத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. முயற்சி செய்தாலே அது வேட்டைதான். மயில் போன்ற முதல் பட்டியல் உயிரைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. முன்பு தீங்குயிர் என்று தனிப் பட்டியலில் இருந்த காகம், எலி, பழந்தின்னி வௌவால் கூட, 2022 திருத்தத்துக்குப் பிறகு அப்படி ஒரு நிரந்தரப் பட்டியலில் இல்லை. காட்டுப்பன்றித் தொல்லைக்கு என்று ஏர்கன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 20 ஜூல் ரவை பன்றியின் தோலுக்கு அரிப்பு மாதிரி. வனப்பகுதி எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றிகளைச் சுடுவது பற்றித் தமிழக அரசு 2025 ஜனவரியில் எடுத்த முடிவுகூட வனத்துறையினருக்குத்தான்; விவசாயி கையில் துப்பாக்கி கொடுக்கும் முடிவு அல்ல.

இங்கே ஒரு நியாயக் கேள்வியும் இருக்கிறது. இந்தத் தடையின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவில் விழவில்லை. காடையும் கவுதாரியும் பிடித்துப் பிழைத்த நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் வேட்டை நின்றதும் ஊசி, பாசிமணிக்கு வந்தார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்கள் பையில் கண்ணியோ நாட்டுத் துப்பாக்கியோ இருக்கிறதா என்று சோதிக்கும் கண்கள், ஞாயிற்றுக்கிழமை காரில் தொலைநோக்கி பொருத்திய ஏர்கன்னோடு கண்மாய்க்கரைக்கு வருகிறவரை அவ்வளவு எளிதில் சந்தேகிப்பதில்லை. பசிக்கு வேட்டையாடியவர் குற்றவாளியாகத் தெரிகிறார். பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர் விளையாட்டு வீரராகத் தெரிகிறார்.

மதுரையைச் சுற்றிப் பாதுகாக்க வேண்டியது நிறையவே இருக்கிறது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 பறவையினங்கள். லகார் வல்லூறும் ராஜாளியும் அந்தக் குன்றுகளில் உண்டு. டங்ஸ்டன் சுரங்கம் வந்துவிடும் என்று ஊரே திரண்டு போராடி, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. இந்தப் பக்கம் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் தங்கும் நாரைகள் மிரண்டுவிடும் என்பதற்காக. வெடிச்சத்தத்துக்கே அஞ்சி நிற்கும் ஒரு ஊர் இருக்கும்போது, சத்தமில்லாத துப்பாக்கியை யார் கவனிப்பது?

ஏர்கன்னும் பறவை அறிவும் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று சொல்லிவிடவும் முடியாது. பறவையியலாளர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது விளையாட்டு ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனதில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. ஆனால் 1908-இல் ஒரு பறவையை அடையாளம் காண அதைக் கையில் வைத்துப் பார்ப்பதே வழி. இன்று அந்த வேலையைக் கேமரா செய்கிறது. சாலிம் அலியைக் காட்டி ஏர்கன்னுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இந்த நூறு ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் இந்தக் கருவிக்கு நியாயமான இடம் எது? பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை. ஒலிம்பிக் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியின் அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்; அதைவிட ஒன்பது மடங்கு அகலமான ரவையால் அதைத் தொட வேண்டும். 75 நிமிடத்தில் 60 குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் உச்சம் 10.9. போட்டித் துப்பாக்கியின் வேகம் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர்தான், ஆற்றல் எட்டு ஜூலுக்குள். கடையில் 20 ஜூல் கேட்டு வாங்குகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்: உலகத்தின் மிகத் துல்லியமான காற்றுத் துப்பாக்கிகள் அந்த ஆற்றலில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. முனை தட்டையான ரவை, சீரான வேகம், உதறாத கட்டை. இவை போதும்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 630.7 புள்ளிகள் எடுத்தார். குண்டு ஒன்றுக்குச் சராசரி பத்தரைக்கு மேல். அதற்கும் பத்தாவது இடம்தான் கிடைத்தது. இறுதிச்சுற்றுக்கு எட்டுப் பேருக்கே அனுமதி. 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா தன் வீட்டு வளாகத்திலேயே சுடுதளம் கட்டிப் பயின்றவர். இந்தக் கடைசி விவரத்தில்தான் விளையாட்டின் பலவீனம் இருக்கிறது. போட்டித் துப்பாக்கி இறக்குமதிச் சரக்கு. சட்டையும் கால்சட்டையும்கூடக் கனமான தனித் தையல். மதுரையில் ரைபிள் கிளப் உண்டு, திருச்சியில் உண்டு. நடிகர் அஜித் 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு வந்தபோது சுடுதளம் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. ஆனால் உசிலம்பட்டிப் பையனுக்கோ வாடிப்பட்டிப் பெண்ணுக்கோ தினமும் போய்வரும் தூரத்தில் அவை இல்லை. கையில் துப்பாக்கி வந்துவிடுகிறது, சுட இடமில்லை. கண்மாய் மட்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் தொடங்கிய ஏர்கன் ஒப்படைப்பு இயக்கத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். வேட்டை பண்பாடாகவே இருந்த மாநிலத்தில் அது சாதாரணமான செயல் இல்லை. ஆனால் மதுரைக்கு அது அப்படியே பொருந்துமா என்பது சந்தேகம். இங்கே முயல் வேட்டை என்றால் நாயும் வலையும் கம்பும்தான் பழைய வழக்கம். ஏர்கன் நகரத்திலிருந்து போன புதுப்பழக்கம். புதுப்பழக்கத்துக்கு மாற்று வழி காட்டுவது எளிது. 20 ஜூல் வரம்பைப் பத்துக்குக் குறைத்தால் குறிப்பயிற்சிக்கு எந்த நட்டமும் இல்லை, வேட்டைக்குத்தான் நட்டம்.

சுடுதளத்துக்கும் பெரிய கட்டடம் தேவையில்லை. பத்து மீட்டர் சுடும் தூரம், இருபக்கமும் யாரும் குறுக்கே வரமுடியாத சுவர், அட்டைக்குப் பின்னால் ரவையைச் சிதறவிடாமல் பிடிக்கும் சாய்ந்த இரும்புத் தகட்டுப் பெட்டி, காற்றோட்டம், ஈயம் தொட்ட கையைக் கழுவ ஒரு குழாய். அரசுப் பள்ளிகள் பலவற்றின் தாழ்வாரமே இதைவிட நீளம். மொட்டைமாடியில் தகரத்தைச் சாய்த்துவைத்துச் சுடுகிறவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு: குறி தவறி மேலே போகும் ரவை இருநூறு மீட்டருக்கு மேல் பறக்கும். அடுத்த தெருவில் விளையாடும் குழந்தையின் கண்ணுக்கு அதில் மிச்சமிருக்கும் வேகமே போதும்.